மூன்றாவது தட்டு

பலெர்மோ
14 மார்ச் 2025

அன்புள்ள தம்பி செல்வராசாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் ஜெனனியும் சுகம். நீயும் சுகம் என்று தெரியும். நேற்றுத்தான் எங்கள் வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாய். இந்த நேரம் பொலிதேயாமாவில் பிரொபெசோரே வீட்டில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருப்பாய். நான் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு உனக்கு ஜப்பானுக்குக் கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதே. இப்போது போட்டால்தான் நீ போய்ச் சேரும்போது கடிதம் அங்கே இருக்கும் என்று பிரொபெசோரேயின் மகள் மொனிகா சொன்னாள். விடுதிகளின் விலாசம் முழுவதையும் எழுதித் தந்திருக்கிறாள். அதைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டேன்.

அவளுடைய தகப்பனும் ஒரு மனுஷன்தான். எழுபத்தாறு வயதில் இரண்டு மாதம் மலையில் நடக்க வேண்டுமாம். பாதையில் போன் கூடாதாம். தடுக்க முடியாமல், சமைக்க வைத்திருக்கிற உன்னைக் காவலுக்கு அனுப்புகிறாள் மகள்.

நேரில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறேன். நேரில் கேட்டால் நீ எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய். பதினாறு வருஷமாக அப்படித்தான். ஊரில் இருந்து இராஜநாயகம் பெரியப்பா ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். காணாமல் போனவர்களைத் திரும்பத் தேடப் போகிறார்களாம். எங்கள் கடைக்குட்டித் தம்பி கஜானனுக்கும் கொடுக்கலாம். மே முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். கடைசியாகக் கண்டவர் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எந்த இடம், என்ன உடுப்பு, கடைசியாக என்ன சொன்னான். கடைசியாகக் கண்டது நீ. எனக்கு நினைவிருப்பது, கடைசிச் சண்டையில் சனம் பாலத்தை நோக்கி ஓடிய அன்று காலை அவன் காய்ச்சலோடு உன் தோளைப் பிடித்து நின்றதும், காலில் ஒற்றைச் செருப்பு மட்டும் இருந்ததும்தான். பிறகு சனம் என்னையும் கைப்பிள்ளை ஜெனனியையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். "இனியும் வைச்சுக்கொண்டிருக்காமல் அந்தியேட்டியைச் செய்து முடியுங்கோ பிள்ளை" என்றார். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு வாய்க்கரிசி போடச் சொல்லுறியளோ?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

காட்டுப் பாதையில் பின்னால் யாரோ வருவது போல் இருந்தால் உடனே திரும்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பவளராணி

சிகத்சுயு
28 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் எனக்கு முன்பே வந்து இருந்தது. கால் இரண்டையும் விட்டால் மற்றதெல்லாம் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? ஞாயிறு மலை ஏறும்போதாவது சப்பாத்துப் போடுங்கள். குகைக் கோயில் சாந்தா ரொசாலியா கோபிக்க மாட்டா.

இங்கே பாதை முழுவதும் உயரமான மரங்கள். நடுப்பகலிலும் வெயில் கீழே விழாது. கரடிக்காக எங்கள் பைகளில் ஒவ்வொரு மணி கட்டியிருக்கிறோம். கற்படி ஏறி இறங்கி ஊருக்குள் வந்தால் செரிப் பூ பூத்துக் கிடக்கிறது. வழியில் சின்னச் சின்னக் கோயில்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மரப்பெட்டி, அதற்குள் ஒரு முத்திரை. நடப்பவர்கள் தங்கள் கொப்பியில் குத்திக்கொள்கிறார்கள். பிரொபெசோரே தன் கொப்பியில் குத்துவதில்லை. அவர் வைத்திருப்பது செத்துப்போன மனைவியின் கொப்பி. ஆறு வருஷத்துக்கு முன் அந்த அம்மா பாதி வழியில் உடம்புக்கு வருத்தம் வந்து திரும்பிவிட்டாவாம். மிச்சப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

ஹொங்கு என்ற ஊருக்கு அப்பால் ஒரு கணவாய் இருக்கிறது. அதில் நடந்தால் செத்துப்போன சொந்தக்காரர் எதிரே வருவார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அதற்காகத்தான் பிரொபெசோரே வருகிறார். சொல்லும்போது அவர் முகம் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

விடுதியில் ஆளுக்கொரு தட்டில் சாப்பாடு வருகிறது. மீன், கீரை, சோறு. எங்கள் அறையில் மூன்று தட்டு வைத்தார்கள். மூன்றாவது அந்த அம்மாவுக்கு என்று பிரொபெசோரே சொல்லி வைத்திருப்பார். நான் கேட்கவில்லை. ஒருவர் தன் செத்த ஆளுக்கு வைக்கிற பங்கை ஏன் என்று கேட்கக்கூடாது.

நீங்கள் கேட்டதை ஆறுதலாக எழுதுகிறேன். இப்போது குளிக்கக் கூப்பிடுகிறார்கள்.

தம்பி,
செல்வராசா

பலெர்மோ
30 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. வராததற்கும் சேர்த்து இதை ஹொங்குவுக்கு எழுதுகிறேன்.

இன்றுதான் நீ இல்லாமல் தனியே மலை ஏறினேன். வெறுங்காலோடுதான். பதினாலு வருஷமாக வைத்த நேர்த்தியை முழங்காலுக்காக விட முடியுமா? குகைக்குள் பாறையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு சாந்தா ரொசாலியாவிடம் வாய்விட்டே சொன்னேன், "என்ரை தம்பியை இந்த வருஷம் கொண்டுவந்து விடு தாயே. இனி எனக்கு ஏற ஏலாது." பக்கத்தில் நின்ற சிஞ்ஞோரா ஒருத்தி எனக்காகச் சிலுவை போட்டாள்.

படிவம் மேசையில் கிடக்கிறது. இடம், உடுப்பு, கடைசிப் பேச்சு. மூன்று வரிதான் தம்பி. எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்?

அக்கா

ஹொங்கு
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

சுகம். இரண்டாவது கடிதமும் கிடைத்தது.

இன்று இங்கே ஒரு திருவிழா. தகப்பன்மார் சின்னப் பெடியன்களைத் தோளில் வைத்து மலைப்பாதையால் கொண்டுபோகிறார்கள். பிள்ளைகளுக்கு நெற்றியில் பொட்டு, பட்டு உடுப்பு. சாமி இறங்கியிருப்பதால் பிள்ளையின் கால் நிலத்தில் படக்கூடாதாம். ஒரு தகப்பன் களைத்து மூச்சு வாங்கி நின்றான். அவனால் இறக்கி வைக்க முடியாது. அதற்கு மேல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

கணவாய்க்குக் கட்டித் தருகிற சோற்றைப் பற்றி விடுதிக்காரி கையாலும் வாயாலும் ஏதோ சொன்னா. பிரொபெசோரே விளங்கப்படுத்தினார். அந்தப் பாதையில் முன்காலத்தில் பசியால் விழுந்து செத்தவர்கள் இன்னும் நிற்கிறார்களாம். நடக்கிறவனைப் பிடித்தால் அவனுக்குத் திடீரென்று பசி வந்து கால் மடங்கிவிடும். ஒரு வாய் சோறு தின்றால் விட்டுவிடுவார்கள். அதனால் எவ்வளவு பசித்தாலும் கடைசி ஒரு வாயைத் தின்னாமல் மிச்சம் வைக்க வேண்டும். நான் சிரித்தேன். எனக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை.

இங்கேயும் மூன்று தட்டுத்தான். மூன்றாவது தட்டில் மீனும் கீரையும் அப்படியே இருக்கும். சோற்றுக் கிண்ணம் மட்டும் வெறுமையாகத் திரும்பிப் போகிறது. நான் பார்க்காத நேரம் பிரொபெசோரே எடுக்கிறார் என்று நினைக்கிறேன். வாசலில் வீட்டுச் செருப்பு எடுத்து வைப்பார்கள். இன்று இரண்டு சோடியும் ஒரு ஒற்றையும் இருந்தது. விடுதிக்காரிக்குக் கண் பார்வை மட்டுப் போல.

மழை வரப் பார்க்கிறது. காயப்போட்டதை எடுக்க வேண்டும்.

செல்வராசா

பலெர்மோ
14 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி,

புதுவருஷ நாள். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். உன் முதல் கடிதம் சனிக்கிழமை வந்தது. மரமும் முத்திரையும் செரிப் பூவும் எழுதியிருக்கிறாய். கேட்டது இல்லை.

அந்த மூன்றாவது தட்டு என் மனதில் நின்றது. இன்று பால்சோறு கொண்டுபோய் மொனிகாவுக்குக் கொடுத்தபோது, "உங்கள் அப்பா பாவம், அம்மாவுக்கும் சாப்பாடு சொல்லியிருக்கிறார்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! எல்லா விடுதிக்கும் அவள்தான் எழுதினாளாம். தாளை எடுத்துக் காட்டினாள். எல்லா இடத்திலும் இரண்டு பேர். "பப்பாவுக்கு இது தெரிந்தால் அழுவார், சொல்ல வேண்டாம்" என்றாள்.

ஜெனனி கூகிளில் பார்த்துவிட்டு, "மம்மா, அங்கை சாமிக்கு வைக்கிறவையாக்கும், தூத்தோ நொர்மாலே" என்கிறாள். அவளுக்கு எல்லாமே நொர்மாலே. நான் சாந்தா ரொசாலியாதான் துணைக்கு வந்திருக்கிறா என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தானே இருக்கும்? வேறு யார் உன்னோடு வருவது?

அக்கா

நாச்சி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

கணவாயைத் தாண்டிவிட்டோம். நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலை மூன்று பொட்டலம் தந்தார்கள். ஆளுக்கொன்று சாப்பிட்டோம். மூன்றாவதை நான் பையில் வைத்துக்கொண்டேன். பிரொபெசோரே மனைவியின் கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேகமாக முன்னுக்குப் போனார். செங்குத்தான படி, முடிவே இல்லை. பனிமூட்டம். அவருடைய மணிச் சத்தம் தூரத்தில் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பசி வந்தது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அது எனக்குப் பழக்கமான பசி அக்கா. உங்களுக்கும் தெரியும். கண் இருட்டி, முழங்கால் மடங்கி, படியில் இருந்துவிட்டேன்.

பின்னால் ஒருவர் ஏறி வருகிற சத்தம். ஒரு அடி செருப்பு, அடுத்தது வெறுங்கால். செருப்பு, வெறுங்கால். நீங்கள் சொன்னபடி நான் திரும்பவில்லை. எனக்கு இரண்டு படி கீழே வந்து நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. மூன்றாவது பொட்டலத்தை அவிழ்த்து, சோற்றைப் பின்பக்கமாகக் கையை நீட்டிக் கல்லின் மேல் வைத்தேன். ஒரு வாயை நான் தின்றேன். பிறகு எழும்ப முடிந்தது.

பிரொபெசோரே மேலே இருந்து இறங்கி வந்தார். எனக்குப் பின்னால் பார்த்தபடி, "உன்னோடு வந்த அந்த இளைஞன் யார்?" என்று கேட்டார். நான் மூன்றாவது தட்டைப் பற்றிக் கேட்டேன். மூன்றாவது தட்டு என்னுடைய ஏற்பாடு, எங்கள் சமய வழக்கம் என்றுதான் இவ்வளவு நாளும் அவர் நினைத்திருக்கிறார். தான் ஒருவருக்கும் எதுவும் சொல்லவில்லையாம். பிறகு படியில் குந்தியிருந்து சின்னப் பிள்ளை போல அழுதார். "ஆறு வருஷமாக இந்த நாளுக்குக் காத்திருந்தேன். எனக்கு ஒருவரும் வரவில்லை. வர வேண்டும் என்று நினைக்காத உனக்கு வந்திருக்கிறது" என்றார்.

அவருக்கு ஒன்றும் இல்லை என்று மொனிகாவிடம் சொல்லுங்கள்.

செல்வராசா

பலெர்மோ
29 ஏப்ரல் 2025

தம்பி,

நாங்கள் சுகம். ஹொங்குவில் இருந்து எழுதியது இன்று வந்தது. வியா மக்வேதாவில் நான் வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டுக் கதவடியில் நின்றே வாசித்தேன். ஒற்றைச் செருப்பு என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதை எழுதிவிட்டு நீ மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

கடைசி வாய்ச் சோறு என்றதும் எனக்கு அந்த அரிசி நினைவுக்கு வந்தது. அன்று காலை என் சீலையில் ஒரு துண்டு கிழித்து, இரண்டு பிடி அரிசியை முடிந்து உன் இடுப்பில் கட்டிவிட்டேன். "இது பிள்ளையின்ரை கஞ்சிக்கு. ஆருக்கும் குடுக்காதை" என்று சொன்னேன். அடுத்த நாள் பாலத்துக்கு அங்காலே நீ வந்து சேர்ந்தபோது வெறும் துணிதான் இருந்தது. "கொட்டுண்டு போச்சு அக்கா" என்றாய். நான் அத்தனை சனத்துக்கு முன்னால் உன் கன்னத்தில் அடித்தேன். அதற்குப் பிறகுதான் "தம்பி எங்கை?" என்று கேட்டேன். "சனத்துக்குள்ளை தவறவிட்டிட்டன்" என்றாய். முதலில் அரிசியைக் கேட்டேன், பிறகுதான் தம்பியைக் கேட்டேன். அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

உயிரோடு இருக்கிறவன் என்றால் வாசலில் பெல் அடித்து வருவான் செல்வா. தட்டுக்கு வரமாட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது. படிவத்துக்கு வேண்டாம், எனக்கு எழுது.

அக்கா

மகோமே
12 மே 2025

அன்புள்ள அக்கா,

இருந்து வாசியுங்கள். அத்தான் பக்கத்தில் இருக்கட்டும். ஜெனனி வேண்டாம்.

இடம்: பாலத்துக்கு இந்தப் பக்கம், எரிந்த ட்ராக்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு வடலிப் பனைக்குக் கீழே.

உடுப்பு: நீலச் சாரம். அத்தானின் பழைய வெள்ளைச் சேட்டு. வலது காலில் மட்டும் செருப்பு.

கடைசிப் பேச்சு: "அண்ணா, அந்த அரிசியிலை கொஞ்சம் தாவன். பச்சையாய்ச் சப்புறன்."

நான், "அது பிள்ளையின்ரை" என்றேன். அவன் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்கு முன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். என்னால் ஏலாமல் போனபோது இறக்கி வைத்தேன். விடிய உடம்பு குளிர்ந்திருந்தது.

அவன் காணாமல் போகவில்லை அக்கா. எனக்குப் பக்கத்தில் செத்தான்.

அரிசி கொட்டுப்படவில்லை. வாய்க்கரிசிக்கு ஒரு சிட்டிகை போதும். நான் முடிச்சை அவிழ்த்து முழுவதையும் அவன் வாயில் போட்டேன். நிறைந்து கழுத்தில் வழிந்தது. கேட்டபோது கொடுக்காததை அவன் கேட்காதபோது கொடுத்தேன். மூடுவதற்கு என்னிடம் கைதான் இருந்தது. மண்ணை அள்ளி மூடிவிட்டு உங்களிடம் வந்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால், ஆருக்கும் குடுக்காதை என்று சொன்னது யார் என்ற நினைப்பு உங்களுக்கு வந்திருக்கும். பால் குடிக்கிற பிள்ளையோடு நீங்கள் அதைத் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். அதனால் தம்பியைத் தொலைத்தவனாகவே இருந்துவிட்டேன். பிறகு நீங்கள் வெறுங்காலோடு மலை ஏறத் தொடங்கினீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்குப் பின்னால் ஏறினேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் வந்தேன்.

மூன்றாவது தட்டு இன்னும் வருகிறது. இப்போது அந்தச் சோற்றுக் கிண்ணத்தை நான்தான் அவன் பக்கம் தள்ளி வைக்கிறேன்.

அடித்ததற்கு வெட்கப்பட வேண்டாம். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

உங்கள் தம்பி,
செல்வராசா

நராய்
25 மே 2025

அன்புள்ள அக்கா,

சுகம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் கடிதம் கிடைத்ததா, கிடைத்தும் எழுதவில்லையா என்று தெரியாது. ஜூன் மூன்றாம் தேதி பலெர்மோ வந்து சேருவோம்.

நராய் ஒற்றைத் தெரு ஊர். இரண்டு பக்கமும் கறுத்த மரவீடுகள். இது கடைசி விடுதி. மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு வந்தது. இரண்டு தட்டு.

நான் மூன்று என்று விரலால் காட்டினேன். விடுதிக்காரி குழம்பிப்போய் என்னையும் பிரொபெசோரேயையும் விரல் நீட்டி எண்ணினா. இரண்டு பேர்தான். வாசலிலும் இரண்டு சோடிதான். மத்தியானம் வரைக்கும் பாதையில் பின்னால் அந்தச் சத்தம் இருந்தது.

நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. சாப்பாட்டை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தேன். திரும்பக்கூடாது என்று சொன்னீர்கள். நான் மேலும் கீழும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பெயர் சொல்லியும் கூப்பிட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தரம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அவன் சாப்பிடாமல் போய்விட்டான் அக்கா. எங்கே போனான்?

செல்வராசா

பலெர்மோ
25 மே 2025

அன்புள்ள தம்பி செல்வராசாவுக்கு,

இதை ஜப்பானுக்கு அனுப்பவில்லை. மொனிகாவிடம் கொடுத்து உன் அறையில் வைக்கச் சொல்லப்போகிறேன். நேரில் சொல்லத் தொடங்கினால் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

நீ கணவாயில் பசியில் மடங்கியதை வாசித்தபோதே கஜானன் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பதில் எழுதக் கை வரவில்லை. மகோமேயில் இருந்து எழுதியது வெள்ளிக்கிழமை வந்தது. சிஞ்ஞோரா வீட்டுப் படிக்கட்டைக் கழுவிக்கொண்டு இருந்தேன். ஈரப் படியிலேயே இருந்து வாசித்தேன். நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். அன்று பாலத்துக்கு அங்காலே முன்பின் தெரியாத ஒருத்தி எங்கள் பிள்ளைக்குப் பால்மா கரைத்துத் தந்தாள். நீ வந்து சேரும்போது ஜெனனி வயிறு நிறைந்து நித்திரை. அந்த அரிசி அவளுக்குத் தேவையாகவே இருக்கவில்லை. தெரிந்துகொண்டும் உன்னை அடித்தேன். அடித்த கையால்தான் இதை எழுதுகிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டும். எனக்காக இவ்வளவு காலம் அதைச் சுமந்தாயே ராசா.

இன்று ஞாயிறு. மலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். எள்ளும் தண்ணீரும் விட்டோம். அத்தான் வாய்க்கரிசிக்குப் பச்சை அரிசி கொண்டுவந்திருந்தார். நான் வாங்கவில்லை. அவன் வாயில் இன்னும் அதுதானே இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று, "கஜானன், உந்தக் காடும் மலையும் போதும். அக்கா சமைச்சு வைக்கிறன், வீட்டை வாடா" என்று கூப்பிட்டேன். அப்போது பதினொரு மணி இருக்கும், உனக்கு அங்கே மாலை ஆறு. ரயில் ஸ்தாசியோனே பக்கம் கோயில் மணி அடித்தது கேட்டது.

வீட்டுக்கு வந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். படிவத்தைக் கிழித்தேன். ஜெனனியிடம் மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைக்கச் சொன்னேன். நான் குழம்போடு வந்து பார்த்தால் நாலு கோப்பை. நாலாவது, வாசல் பக்கக் கதிரைக்கு முன்னால்.

"செல்வா மாமா வர இன்னும் ஒன்பது நாள் கிடக்கெல்லே" என்றேன்.

"ஸியோ செல்வா இல்லை, மம்மா. இது மற்றவருக்கு" என்றாள், கரண்டியைத் துடைத்துக்கொண்டே. அவனைப் பற்றி நான் அவளிடம் மலைக்குப் போகிற நேர்த்தியைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. உன் கடிதம் ஒன்றையும் காட்டியதும் இல்லை. "வெளியிலை நிண்டவர். ஒற்றைச் செருப்போடை நிக்கிறாரே எண்டு உள்ளை வரச் சொன்னனான்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கதிரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுவேன், அழுதால் அவன் சாப்பிடமாட்டான். பானையைத் தூக்கி வந்து முதலில் அந்தக் கோப்பைக்குத்தான் சோறு போட்டேன். மேலும் போட்டேன். இந்த முறை அதை நான் ஒருவருக்கும் மிச்சம் வைக்கவில்லை.

நீ வந்ததும் நேரே இங்கே வா. ஐந்து கோப்பை வைப்பேன்.

உங்கள் இருவரின் அக்கா,
பவளராணி